வழுவும் வழுவமைதியும்: யுனிக்ஸ் முறைமையில் நேரங்குறித்த பணிகளின் வேண்டாத வெளியீடு பற்றிய ஒரு நோக்கு

1

தமிழில் 'வெளியீடு' என்னுஞ் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. நூலொன்று அச்சேறி வாசகரை அடைவதும் வெளியீடு. கணினி தன் பணியின் பயனாகப் புறத்தே தருவதும் வெளியீடு. முதலாவதைப் பொறுத்தவரை எது வேண்டியது, எது வேண்டாதது, யாருக்கு வேண்டாதது என்னும் வினாக்களை நாம் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளோம். இரண்டாவதைப் பொறுத்தவரையோ, வேண்டாததெனில் அதனை அடக்கிவிடுவதே தீர்வு என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்துவிடுகின்றது. அவ்வெண்ணம் எத்துணை இழப்புக்கு இட்டுச் செல்லக்கூடியது என்பதைக் கொடிகாமத்திலே நாம் பட்டறிந்தோம். அந்த அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, இப்பிரச்சினையின் தோற்றத்தையும் இயல்பையும் தீர்வையும் ஒழுங்குமுறையாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்குப் பாதை பிரியுமிடத்தில், சந்தையையும் புகையிரத நிலையத்தையும் நடுவாகக் கொண்டு அமைந்த ஊர் கொடிகாமம். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி போர்க்களமானபோது இப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். வீடுகளில் இருந்த ஆண்டு மலர்கள், கையெழுத்துச் சஞ்சிகைகள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் முதலியவற்றுட் பெரும்பகுதி அப்பொழுது அழிந்தது. எஞ்சியவற்றைத் திரட்டிப் படிமங்களாக்கும் பணியில் எம்மிற் சிலர் ஒரு வாசிகசாலையில் ஈடுபட்டிருந்தோம். லினக்ஸ் இயங்கும் பழைய கணினியொன்று அங்கிருந்தது. மணிக்கொரு தடவை அட்டவணையைப் புதுப்பிக்கும் பணியொன்றும், நள்ளிரவு கடந்து 2.15 மணிக்கு யாவற்றையும் புறவட்டு ஒன்றில் நகலெடுக்கும் பணியொன்றும் அதில் அமைக்கப்பட்டிருந்தன. முதலாவது நாளொன்றுக்கு 24 மடல்களையும் இரண்டாவது ஒரு மடலையும் அனுப்பின. முப்பது நாளில் இவை 750 மடல்கள். யாவும் எம் தொண்டர் ஒருவரின் கைத்தொலைபேசிக்கே வந்து சேர்ந்தன.

அவற்றுட் பெரும்பாலானவை ஒரே செய்தியைத் திருப்பித் திருப்பிக் கூறுவன. சலிப்புற்ற அத்தோழர், இரு பணிகளின் வெளியீட்டையும் முற்றாக அடக்கினார். நாமும் மகிழ்ந்தோம். நான்கு மாதங்களின் பின் மாரிகால இடியுடன் மின்சாரம் தடைப்பட்ட ஓர் இரவில் கணினியின் வன்தட்டுப் பழுதடைந்தது. நகலை நாடிப் புறவட்டைத் திறந்தபோது, அதிலிருந்த இறுதி நகல் நான்கு மாதப் பழையது. அறையைத் துப்புரவாக்கிய வேளையில் வட்டின் இணைப்புக் கழன்றிருக்கின்றது. 'அத்தகைய கோப்பகம் இல்லை' என்று அப்பணி ஒவ்வோர் இரவும் கூறியே வந்துள்ளது. கேட்பதற்குத்தான் எவரும் இருக்கவில்லை.

2

இப்பிரச்சினையை விளங்கிக்கொள்வதற்கு அதன் வரலாற்றுப் பின்னணி இன்றியமையாதது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோரால் 1969இல் உருவாக்கத் தொடங்கப்பெற்ற பணிசெயல் முறைமையே யுனிக்ஸ். ஒரு கணினியைப் பலர் முனையங்களின் முன்னமர்ந்து ஒரே வேளையிற் பயன்படுத்தும் சூழலில் அது வளர்ந்தது. அச்சூழலிலே, சொல்வதற்கு ஒன்றுமில்லையாயின் செய்நிரல் வாய்திறக்கலாகாது என்னும் மரபு வேரூன்றியது. அக்காலத்து முனையங்கள் பல, தாளிலே மெதுவாக அச்சிடும் பொறிகள் என்பதை நினைவிற் கொண்டால் இச்சிக்கனத்தின் பொருளியற் காரணம் புலனாகும்.

ஆள் இல்லாத வேளையிலும் கணினி உழைக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது கிறொன். காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் இடம்பெற்ற கிறொன், நிமிடந்தோறும் விழித்தெழுந்து, தனது அட்டவணையைப் பார்த்து, வேளை வந்த பணிகளை இயக்கிவிட்டு மீண்டும் உறங்கும். இன்றைய லினக்ஸ் முறைமைகள் பலவற்றிற் காணப்படுவது, போல் விக்சி என்பார் 1987இல் எழுதி வெளியிட்டதன் வழிவந்ததாகும்.

முனையத்தில் ஆள் இருக்கும்போது வெளியீடு திரையிலே தோன்றும். நள்ளிரவில் இயங்கும் பணிக்குத் திரையும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. எனவே பணி எதையாவது கூறினால் அதனைத் திரட்டி உரிமையாளருக்கு மடலாக அனுப்பிவிடுதல் கிறொனின் வழக்கமாயிற்று. நாம் தொல்லையெனக் கருதும் மடல், உண்மையில் ஆளில்லா உழைப்புக்கு அளிக்கப்பட்ட ஒரே வாய் எனலாம்.

இவ்விடத்தில், அச்சுத்தொழிலோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுதல் பொருத்தமானது. 1970களிலே பெல் ஆய்வுகூடத்தார் ஒளியச்சுக்கோப்பு இயந்திரமொன்றைப் பயன்படுத்தினர். அதிலிருந்து வரும் தாளை நாற்றம் மிக்க இரசாயனப் பொறியொன்றிற் செலுத்திச் சில நிமிடம் காத்திருந்த பின்னரே எழுத்துப் புலப்படும். ஒருநாள் பிற்பகலிற் பலர் அவ்வாறு காத்திருந்து பார்த்தபோது, கட்டுரைக்குப் பதிலாக, கோப்பைத் திறக்க முடியவில்லை என்னும் வழுச்செய்தி ஒன்று மட்டும் அழகாக அச்சுக்கோக்கப்பட்டிருந்தது. எழுந்த முணுமுணுப்பின் பயனாக, பணியின் பயனும் பணியின் முறைப்பாடும் வெவ்வேறு வழியாற் செல்லவேண்டும் என்ற முடிவு சில நாட்களில் ஏற்பட்டது. 'நியம வழு' என்னும் வழி தோன்றியது இவ்வாறுதான். அதாவது, வேண்டாத வெளியீடு என்னும் பிரச்சினைக்கு யுனிக்ஸ் கண்ட முதற்றீர்வு அடக்குதல் அன்று; பிரித்தல்.

3

கிறொன் அட்டவணையின் ஒவ்வொரு வரியும் நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என ஐந்து புலங்களையும், அவற்றின்பின் ஒரு கட்டளையையும் கொண்டது. 15 2 * * * என்று தொடங்கும் வரி நாள்தோறும் அதிகாலை 2.15 மணிக்கு இயங்கும். இயங்கும் பணிக்கு இரு வாய்கள் உண்டு. 1 என எண்ணிடப்பட்டது நியம வெளியீடு. 2 என எண்ணிடப்பட்டது நியம வழு. இவ்விரண்டில் எதிலிருந்து ஒரு வரி வந்தாலும் கிறொன் மடலெழுதும்.

இரண்டு உண்மைகள் இங்கே மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, பணி வெற்றிபெற்றதா தோற்றதா என்பதை நோக்கி மரபுவழிக் கிறொன் மடலெழுதுவதில்லை. ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு முடிவுநிலை எண்ணைத் தரும். சுழியம் வெற்றியைக் குறிக்கும், ஏனைய எண்கள் தோல்வியைக் குறிக்கும். கிறொன் கருதுவது பேச்சையே அன்றி அவ்வெண்ணை அன்று. வெற்றிபெற்றும் வாயாடும் பணி நாள்தோறும் மடலனுப்பும். தோற்றும் வாய்மூடியிருக்கும் பணி ஒருபோதும் அனுப்பாது. இரண்டாவது, மடலைக் கொண்டு செல்லும் செய்நிரல் கணினியில் நிறுவப்பட்டிராவிடின் வெளியீடு கைவிடப்படும். டெபியன் முதலிய முறைமைகளில் இது நிகழும்போது, வெளியீடு எறியப்பட்டதென்னும் குறிப்பு முறைமைப் பதிவேட்டில் மட்டும் இடம்பெறும். எனவே மடல் வராமை நலத்துக்குச் சான்றாகாது.

4

இனி, வேண்டாத வெளியீட்டை எவ்வாறு வகைப்படுத்துவது? இலங்கையிலே வழங்கும் கணினிக் கலைச்சொற்களில் 'வழு' என்பதும் ஒன்று. அச்சொல் எமது இலக்கண மரபிலிருந்து பெறப்பட்டது. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாக நன்னூலார் வழிநின்று நாம் பயின்ற பாகுபாடு இங்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகின்றது.

வழாநிலை என்பது குற்றமற்றது. இத்தனை கோப்புகளை நகலெடுத்தேன், இத்தனை விழுக்காடு முடிந்தது என்னும் முன்னேற்றக் கூற்றுகள் இவ்வகையின. இவற்றை மூலத்திலேயே நிறுத்துவது சாலச்சிறந்தது. கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் போன்ற செய்நிரல்களுக்கு, அமைதியாக இயங்குமாறு கூறும் தெரிவு உண்டு. வலையிலிருந்து கோப்புகளைப் பெறும் கேர்ல், தன் முன்னேற்றக் கணக்கை நியம வழுவின் வழியே கூறுவது. அதற்கு அமைதித் தெரிவை மட்டும் வழங்கினால் வழுச்செய்தியும் அடங்கிவிடும். 'அமைதியாயிரு, ஆயினும் வழுவைச் சொல்' எனப் பொருள்படும் இரட்டைத் தெரிவை வழங்குதல் வேண்டும்.

வழுவமைதி என்பது வழுவாயினும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது. கோப்புகளைப் பொதிசெய்யும் டார் என்னும் கட்டளை, பாதைப் பெயர்களின் முன்னுள்ள சாய்கோட்டை நீக்கிவிட்டேன் என ஒவ்வொரு முறையும் நியம வழுவிற் கூறும். எம் வாசிகசாலைக்கு நாள்தோறும் வந்த இரவு மடல் இதுவே. இது தீங்கற்றது. கோப்பகத்தை முதலிற் குறிப்பிட்டு, அதன் உள்ளிருந்து பொதிசெய்யுமாறு கட்டளையை மாற்றியிருந்தால் அச்செய்தி எழுந்தேயிராது.

எஞ்சியது வழு. இதனுள்ளும் ஒருவகை தனித்துக் கூறத்தக்கது. கையால் இயக்கும்போது செவ்வனே நடக்கும் பணி கிறொனில் மட்டும் தோற்பதுண்டு. இதற்குக் காரணம் சூழல் வேறுபாடே. நாம் உள்நுழையும்போது எமக்கெனக் கட்டளைத் தேடற்பாதை, முனைய வகை, மொழித்தெரிவு முதலிய பல மாறிகள் அமைக்கப்படுகின்றன. கிறொன் தரும் சூழலோ மிக வறியது. 'கட்டளை காணப்படவில்லை' என்ற மடல் வந்தால், கட்டளையின் முழுப்பாதையையும் எழுதுவதோ அட்டவணையின் தலைப்பில் தேடற்பாதையை வரையறுப்பதோ தீர்வாகும். முனைய வகை தெரியாதென்றோ இது முனையமன்றென்றோ மடல் வந்தால், உள்நுழைவோருக்குரிய தொடக்கக் கோப்பொன்று தேவையின்றி இயக்கப்படுகின்றது என ஊகிக்கலாம். கட்டளையிலே விழுக்காட்டுக் குறி இருப்பின் அதுவும் கவனத்துக்குரியது. கிறொன் அட்டவணையில் % என்பது புதுவரியைக் குறிக்கும். அதன்பின் உள்ளவை கட்டளையாகாமல் அதன் உள்ளீடாகிவிடும். கோப்பின் பெயரில் திகதியைச் சேர்க்க முயல்வோர் பலர் இதில் இடறுவர். குறியின் முன்னே பின்சாய்கோடு ஒன்றை இடுதல் போதுமானது.

நோயறியும் முறையும் இதிலிருந்தே பெறப்படும். மடலின் தலைப்பில் எந்தக் கட்டளை பேசியது என்பது குறிக்கப்பட்டிருக்கும்; முதலில் அதனை நோக்கவேண்டும். பின்னர், கிறொன் தருவதையொத்த வறிய சூழலொன்றை அமைத்து அக்கட்டளையைக் கையால் இயக்கிப் பார்க்கவேண்டும். மூன்றாவதாக, பேச்சு எந்த வாயிலிருந்து வருகின்றது என்பதை அறிய இரண்டையும் வெவ்வேறு கோப்புகளுக்குத் திருப்பவேண்டும். வழாநிலையா, வழுவமைதியா, வழுவா என்னும் தீர்ப்பு இதன் பின்னரே சாத்தியமாகும்.

5

திருப்பிவிடுதல் பற்றிச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். எம் தோழரின் முதல் முயற்சி தோற்றமைக்கும் இரண்டாவது முயற்சி எம்மைத் தோற்கடித்தமைக்கும் காரணம் இதிலேயே அடங்கியுள்ளது.

> என்னும் குறி நியம வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பும். 2>&1 என்பது, 1 இப்பொழுது எங்கே செல்கின்றதோ அங்கேயே 2ஐயும் அனுப்புமாறு பணிக்கும். இக்குறிகள் இடமிருந்து வலமாக வாசிக்கப்படும். எனவே கோப்புக்குத் திருப்பியபின் 2>&1 என எழுதினால் இரு வாய்களும் கோப்பையே சென்றடையும். 2>&1 என முதலில் எழுதிப் பின் கோப்புக்குத் திருப்பினாலோ, 2 பழைய இடமாகிய மடலுக்கே செல்லும்; 1 மட்டுமே கோப்புக்குச் செல்லும். எம் தோழர் முதலில் எழுதியது பின்னையதே. டாரின் செய்தி நியம வழுவில் வருவதால் மடல் நிற்கவில்லை.

பின்னர் அவர் &> என்னும் சுருக்கக் குறியை முயன்றார். அது பாஷ் என்னும் கட்டளை உறைக்கு உரியது. கிறொன் இயல்பாக அழைப்பதோ எளிய உறையை. டெபியன், உபுண்டு முறைமைகளில் அது டாஷ் ஆகும். டாஷ் அக்குறியை இரண்டாகப் பிரித்து, கட்டளையைப் பின்னணியில் இயக்கிவிட்டு, கோப்பை வெறுமையாக்கி அமைகின்றது. மடல் அப்பொழுதும் வந்தது. ஈற்றில், எதை எழுதினாலும் விழுங்கிவிடும் டெவ் நல் என்னும் வெற்றுச் சாதனத்துக்கு இரு வாய்களையும் சரியான ஒழுங்கில் திருப்பினார். மடல்கள் நின்றன. அட்டவணையின் தலைப்பிலே மெயில்டு என்னும் மாறியை வெறுமையாக அமைத்திருந்தாலும் விளைவு இதுவே.

வற்புறுத்திக் கூறவேண்டியது யாதெனின், அவரது கட்டளையில் எவ்வித வழுவும் இருக்கவில்லை. தீர்ப்பிலேதான் வழு இருந்தது. ஒரு வழுவமைதியைக் கண்டு சலித்த நாம், இனி வரக்கூடிய எல்லா வழுக்களுக்கும் காரணம் வினவாமலே அமைதி வழங்கிவிட்டோம். இலக்கணநூலார் எவரும் அவ்வாறு செய்ததில்லை.

6

வழு வாய்திறவாமலே வெளியீட்டைக் கெடுக்கும் நிலையும் உண்டு. தமிழிற் பணிபுரிவோர் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும்.

கிறொனின் வறிய சூழலிலே பெரும்பாலும் மொழித்தெரிவு இடம்பெறுவதில்லை. அவ்வாறாயின் செய்நிரல்கள் 'சி' எனப்படும் இயல்புநிலையிலே இயங்கும். 128 குறிகளை மட்டுமே கொண்ட ஆஸ்கி அந்நிலையின் அடிப்படை. 2018இல் வெளிவந்த பைதன் 3.7 பதிப்புக்கு முற்பட்டவை இந்நிலையில் ஒரு தமிழெழுத்தை வெளியிட முனைந்தாலே வழுக்கூறி நின்றுவிடும். இது வெளிப்படையாகத் தெரிவதால் நன்று. அகரவரிசைப்படுத்தலோ அவ்வாறன்று. சி நிலையிலே வரிசைப்படுத்தும் கட்டளை, எழுத்துகளின் குறியெண்ணை மட்டுமே நோக்கும். 1991இல் வெளியான யூனிகோட்டின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி நியமத்தின் ஒழுங்கைப் பின்பற்றியது. ஆகவே அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன; புள்ளி உயிர்க்குறிகளின் பின்னே இடம்பெறுகின்றது.

விளைவு யாது? கபிலருக்கு முன் கனகசபை வருவார். 'மலர்' என்பதற்கு முன் 'மறை' வரும். 'வவுனியா'வுக்கு முன் 'வழி' வரும். புள்ளியெழுத்து முற்பட வேண்டும் என்னும் எமது முறை தலைகீழாகிப் 'பட்டினம்' என்பதற்கு முன் 'படம்' வரும். கட்டளை எவ்வித முறைப்பாடும் கூறாது. முடிவுநிலை எண் சுழியமாகவே இருக்கும். எம் மணித்தியால அட்டவணை இவ்வாறே பல மாதங்கள் பிறழ்ந்திருந்தது. பெயரை உரிய இடத்தில் தேடிக் காணாத முதியவர் ஒருவர், தம் தந்தையாரின் கல்வெட்டு எம்மிடம் இல்லையெனக் கருதித் திரும்பிச் சென்றார். அது நான்கு வரிகள் தள்ளி இருந்தது.

தமிழுக்குரிய மொழித்தெரிவை அட்டவணையின் தலைப்பிலே வரையறுத்து, முறைமையில் நிறுவப்பட்டுள்ள தமிழ் வரிசைவிதி மேற்கூறிய சொற்களைச் சரியாக ஒழுங்குபடுத்துகின்றதா எனச் சோதித்துக்கொள்ளுதல் இதற்குத் தீர்வாகும். இயல்புநிலை என்பது இயற்கையானதன்று என்பதையும் இது காட்டுகின்றது. யாருடைய மொழியை முன்வைத்து ஒரு கருவி வகுக்கப்பட்டதோ அவருக்கு அது இயல்பு. ஏனையோருக்கு அது ஒவ்வொரு முறையும் மேற்கொள்ளவேண்டிய மேலதிக உழைப்பு.

7

மேற்கூறியவற்றின் அடிப்படையில் நடைமுறைக்குச் சிலவற்றை வகுத்துக் கூறலாம். நியம வெளியீட்டைத் திகதியிட்ட பதிவேட்டுக்குத் திருப்புக. நியம வழுவை மடலுக்கே விடுக. பதிவேடு வளர்ந்து வட்டை நிரப்பாதவாறு பழையவற்றைக் காலந்தோறும் அகற்றுக. தீங்கற்ற எச்சரிக்கையை அதன் காரணத்தை மாற்றி நீக்குக. இயலாதாயின் அந்த ஒரு வரியை மட்டும் வடிகட்டி, ஏன் வடிகட்டினோம் என்பதை அட்டவணையிலேயே குறிப்பாக எழுதிவைக்குக. வாயாடும் பணியைக் குரோனிக் என்னும் சிறு கருவியின் வழி இயக்கலாம். பணி வெற்றிபெற்றால் அது அனைத்தையும் மறைக்கும். முடிவுநிலை எண் சுழியமல்லாதபோது அனைத்தையும் வெளியிடும். மடலை ஒருவருக்கன்றி இருவருக்கேனும் அனுப்புக. ஒருவரின் சலிப்பு ஒரு கூட்டு முயற்சியின் விதியாகிவிடலாகாது.

இவையனைத்தும் போதா. பணி இயங்கவேயில்லையெனில் கூறுவதற்கு எதுவும் இராது. எனவே நகலின் திகதியைப் பிறிதொரு பணி பார்த்து, இரண்டு நாளுக்கு மேற் பழையதாயின் முறையிடவேண்டும். மாதமொருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். இது மனிதர் செய்யவேண்டிய வேலை. அட்டவணையில் எழுதிக் கைகழுவ முடியாதது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கித் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்வழிவு வெளிப்படையானது; அதற்கு எதிராகக் குரலெழுந்தது. 1998இல் மதுரைத் திட்டமும் 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சியும் தொடங்கப்பெற்றபின், எழுத்துகளைக் காத்தல் என்பது பெருமளவு தொண்டர்களின் உழைப்பாயிற்று. இத்தகைய சேகரங்களுக்கு இனி நேரக்கூடிய அழிவு தீயாக மட்டும் வராது. எவருக்கும் கேட்காதவாறு, நாளுக்கொரு வரியாக, வெற்றுச் சாதனத்திற் போய் விழுவதாகவும் அது இருக்கலாம்.

கொடிகாமத்திலே நாம் இழந்தவற்றுள் ஏறக்குறைய நாற்பது கல்வெட்டுகள் அடங்கும். படிமமாக்கியபின் மூலப்பிரதிகளை உரியவர்களிடம் மீள ஒப்படைத்திருந்தமையால், மீண்டும் வீடுவீடாகச் சென்று கேட்டோம். பெரும்பாலானோர் முகங்கோணாது தந்தனர். ஆறு வீடுகளில் அவை கிடைக்கவில்லை; சிலவற்றைக் கறையான் அரித்திருந்தது, சில வெளிநாடு சென்றவர்களோடு போய்விட்டன. இப்பொழுது எம் கணினி கிழமைக்கு ஒன்றோ இரண்டோ மடல் அனுப்புகின்றது. அவை ஒவ்வொன்றையும் நாம் வாசிக்கின்றோம்.